அனுசுயாவும் எட்டு பாயிண்டும்

பள்ளிப்பட்டில் ஒரு மோட்டார் எரிந்தால் திருத்தணியில் அனுசுயாவுக்குத் தும்மல் வரும். நம்ப முடியாதவர்கள் தும்மலைக் கழித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். மற்றதில் கழிக்க அதிகம் இல்லை.

சித்தூர் சாலையில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நாலு கடை தள்ளி ‘சக்திவேல் காயில் ஒர்க்ஸ்’ என்று ஒரு போர்டு தொங்கும். சக்திவேல் அனுசுயாவின் வீட்டுக்காரர். தங்கமான மனிதர். லோடு ஆட்டோவில் போய் எரிந்த மோட்டாரை ஏற்றி வருவார், சரியான மோட்டாரைக் கொண்டுபோய் இறக்குவார். இடையில் நடக்கிற வேலை முழுக்க அனுசுயாவுடையது. கருகிய கம்பியை வெட்டி எடுத்து, சுற்றைக் கணக்கிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றி, காய வைத்து, ஓட விட்டுக் காதை வைத்துக் கேட்பாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பத்தான் தெரியும். கடையில் காயில் கட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் பாதி மோட்டாரோடு வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். சக்திவேல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அனுசுயா அந்தப் பாதி மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். அவிழ்த்ததை மறுபடி சுற்றினாள். மறுபடி அவிழ்த்தாள். நாலாம் நாள் அந்த மோட்டார் ஓடியது. இன்றைக்கும் வேலஞ்சேரிப் பக்கம் ஒரு கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. வேலையை விட்டுப்போன ஆளுக்கு ஊரில் யாராவது சிலை வைத்தால் பாதிச் சிமெண்டு நான் தருவேன்.

பள்ளிப்பட்டில் சந்திரமோகன் என்பவருக்கு விசைத்தறிக் கூடம் இருக்கிறது. நாற்பது தறி, நாற்பது மோட்டார். ஆறு வருஷமாக அவருடைய மோட்டார் எது எரிந்தாலும் சக்திவேலின் ஆட்டோவில் ஏறித் திருத்தணிக்குத்தான் வரும். ஒருநாள் அவரே கடைக்கு வந்தார். உள்ளே அனுசுயா காலை நீட்டி உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

“கட்டுறது நீயாம்மா?”

“ஆங். நான்தாங்க.”

“இத்தினி நாளா நீதானா?”

“வேற யாருங்க?”

அவர் நமஸ்காரம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து அந்த நாற்பது மோட்டாரும் சென்னைக்குப் போக ஆரம்பித்தன. ஆறு வருஷமாக எந்தக் குறையும் சொல்லாத மோட்டார்களுக்கு அன்றைக்குத்தான் திடீரென்று சென்னை ஆசை வந்தது. அனுசுயா அழவில்லை. ஆனால் கடை வாசலில் லோடு ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிற வழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

இந்த இடத்தில்தான் கஜபதி வருகிறார்.

கஜபதி அரக்கோணம் யார்டில் முப்பத்துமூன்று வருஷம் பாயிண்ட்ஸ்மேன். ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு ரயில்வேயில் பாயிண்டு என்று பெயர். வண்டி இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்பது அங்கேதான் முடிவாகும். மழையோ வெயிலோ அந்த இடத்தில் நின்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. தன் சர்வீஸில் ஒரு சக்கரம்கூடத் தடம் இறங்கியதில்லை என்று அவர் சொல்வார். ஒருமுறை எருமை ஒன்று தவறான லைனில் வந்தபோது அதையும் சரியான லைனுக்கு மாற்றி அனுப்பியதாகவும் சொல்வார். நான் சாட்சி இல்லை.

ஓய்வு பெற்று வந்ததும் அவருடைய மகள் மோனிகா ஜெர்மனியிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே கத்தரிக்காய் நீளத்தில் ஒரு ரயில் எஞ்சின், நாலு பெட்டி, கொஞ்சம் தண்டவாளம். அப்பா பொழுதுபோக்கட்டும் என்று அனுப்பினாள். அப்பா மாடி அறையில் கட்டிலை எடுத்துவிட்டு, சுவருக்குச் சுவர் பிளைவுட் அடித்து, அரக்கோணம் யார்டின் ஒரு முனையை அப்படியே இறக்கிவிட்டார். எட்டு பாயிண்டு. கட்டில் இப்போது எங்கே இருக்கிறது என்று அவர் மனைவி குப்பம்மாளைக் கேட்காதீர்கள்.

முதலில் பாயிண்டுகளை விரலால்தான் தள்ளிக்கொண்டிருந்தார்.

“முப்பத்துமூணு வருசம் தள்ளினது போதலயா? வூட்லயும் தள்ளிகினே இருக்கணுமா?” என்றார் குப்பம்மாள்.

ரோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றுவதற்காக, பாயிண்டுக்கு ஒன்றாக எட்டுக் குட்டி மோட்டாரை மோனிகாவிடம் சொல்லி வரவழைத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு காயில். ஒன்று இடப்பக்கம் இழுக்கும், ஒன்று வலப்பக்கம் இழுக்கும். ஒரு எலக்ட்ரீஷியன் வந்து வீட்டு லைட்டுக்குப் போடுகிற ஸ்விட்சை வரிசையாகப் போட்டுக் கொடுத்தார். போட்ட அன்றே மூன்று காயில் புகைந்தது. இரண்டாவதாக வந்தவர் பிளைவுட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தண்ணீர் குடிக்கக் கீழே போனார், திரும்பவில்லை.

மூன்றாவதாக அனுசுயா வந்தாள். மாடிப்படியில் ஏறும்போதே மூக்கைச் சுருக்கினாள்.

“மூணு காயில் போயிருக்கு, நைனா.”

கஜபதி வாயைப் பிளந்தார். “பார்க்கவே இல்லியேம்மா இன்னும்?”

“வாசனையே சொல்லுதே. இந்த ஸ்விட்சை எவ்ளோ நேரம் போட்டு வச்சீங்க?”

“பாயிண்டு மாறினப்புறம் அப்படியே வுட்டுட்டேன். லைட்டு எரியறா மாதிரி.”

“அதான். இது லைட்டு இல்ல, நைனா. இதுக்கு ஒரு தட்டு தட்டினாப் போதும். வாசல்ல வந்த ஆளு பெல் அடிக்கிறா மாதிரி. அடிச்சிகினே நின்னா வூட்டுக்காரனுக்குக் கோவம் வருமா வராதா?”

“எனக்கு வரும்,” என்றார் குப்பம்மாள், படியில் நின்று.

காலிங் பெல் பட்டன் பதினாறு வாங்கி, பாயிண்டுக்கு இரண்டாகப் பொருத்தினாள். விரல் வைத்தால் மின்சாரம் போகும், எடுத்தால் நின்றுவிடும், காயில் சூடாக நேரமே இல்லை. அந்த வாரம் சித்தூர் சாலையில் எந்தக் கடையிலும் காலிங் பெல் பட்டன் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்த விருந்தாளிகள் எல்லாம் தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது.

புகைந்த காயில்களுக்கு மாற்று வர ஒரு மாதம் ஆகும் என்றாள் மோனிகா. அனுசுயா காத்திருக்கவில்லை. தலைமுடியை விட மெல்லிய கம்பி. மோட்டார் சுற்றுகிற மெஷினில் மாட்டினால் அறுந்துபோகும். ஆகவே தையல் மெஷினில் பாபின் சுற்றுகிற இடத்தில் மாட்டி, கையால் சக்கரத்தைத் திருப்பி, ஒரு காயிலுக்கு ஆயிரத்து நானூறு சுற்று சுற்றினாள். நடுவில் குப்பம்மாள், “காப்பி குடிக்கிறியாம்மா?” என்று கேட்டார். “எழுநூத்திப் பன்னெண்டு,” என்று பதில் வந்தது. குப்பம்மாள் காப்பியை வைத்துவிட்டு ஓசைப்படாமல் இறங்கிப் போனார்.

கோடியில் இருந்த இரண்டு பாயிண்டுகள் மட்டும் பாதி திரும்பி நின்றன. ஒயர் நீளம் அதிகம், அங்கே போய்ச் சேர்வதற்குள் வேகம் போய்விடுகிறது. அனுசுயா கடைக்குப் போய்க் காயலான் சாமான் குவியலைக் கிளறி, மலைக்கோயில்காரர்கள் எப்போதோ போட்டுவிட்டுப் போன மைக் செட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றிலிருந்து இரண்டு பெரிய கண்டென்ஸரைக் கழற்றி வந்தாள். குழாயில் சொட்டுகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒரே வீச்சாக ஊற்றுகிற மாதிரி, மின்சாரத்தைச் சேர்த்து வைத்துப் பட்டனை அழுத்தியதும் ஒரே அடியாக அனுப்பும். கோடிப் பாயிண்டு ‘டக்’ என்று திரும்பியது. அத்தனை காலம் மலைமேல் ஒலிபெருக்கியில் பாடிய கண்டென்ஸர் அது, சும்மா இருக்குமா?

பாயிண்டெல்லாம் திரும்பின. வண்டிதான் ஓடவில்லை. பாயிண்டின் மேல் ஏறியதும் எல்லாம் செத்துப்போகும்.

அனுசுயா ஒரு மணி நேரம் கன்னத்தில் கை வைத்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்துதான் போகிறது. இடத் தண்டவாளத்தில் பிளஸ், வலத் தண்டவாளத்தில் மைனஸ். பாயிண்டில் இந்த இரண்டும் குறுக்கே வந்து கூராக ஒரு முனையில் சேர்கின்றன. அந்த முனைக்கு மூக்கு என்று பெயர் என்று கஜபதி சொன்னார். திரும்புகிற பக்கம் அசைகிற மெல்லிய தண்டவாளத்துக்கு நாக்கு என்று பெயர்.

“அப்போ மூக்குலதான் சண்டை, நைனா. ரெண்டு லைனும் அங்க வந்து முட்டிகினு ஷார்ட் ஆவுது. மூக்கைத் தனியா வெட்டி எடுத்துட்டு அதுக்கு வேற ஒயர் குடுக்கணும். பாயிண்டு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கத்துக் கரண்டு மூக்குக்குப் போவணும்.” சொல்லிக்கொண்டே பையிலிருந்து ரம்பத் தகட்டை எடுத்தாள்.

கஜபதி இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். “தண்டவாளத்த வெட்றதா? அம்மாடி! முப்பத்துமூணு வருசம் நான் காவல் காத்தது இதத்தானே?”

“அது அரக்கோணம், நைனா. இது பிளைவுட்டு.”

“எதா இருந்தா இன்னா? பிளாக் எடுக்காம தண்டவாளத்துல கைய வெக்கக் கூடாது.”

தண்டவாளத்தில் வேலை செய்ய வேண்டுமானால் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை வண்டி விடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பெயர்தான் பிளாக். கஜபதி ஒரு நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். நேரம், இடம், வேலை, காரணம், கையெழுத்து. ‘காலை 10.40 முதல் 11.30 வரை. எட்டு பாயிண்டு. தண்டவாளம் வெட்டுதல். காரணம்: மூக்கில் ஷார்ட்’ என்று எழுதி நீட்டினார். அனுசுயா சிரிக்காமல் கையெழுத்துப் போட்டாள். சிரிக்கவில்லை என்பதை எழுதியாக வேண்டும். நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

வெட்டினாள். பாயிண்டோடு சேர்ந்து திரும்புகிற மாதிரி எட்டுக் குட்டி ஸ்விட்சை அடியில் மாட்டி மூக்குக்கு ஒயர் கொடுத்தாள். 11.28-க்கு வண்டி எட்டு பாயிண்டும் தாண்டிப் பிளாட்பாரத்துக்குள் வந்தது. கஜபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் ‘பிளாக் முடிந்தது’ என்று எழுதினார்.

அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிப்பட்டுச் சந்திரமோகன் குப்பம்மாளின் தம்பி. போனைப் போட்டார்.

“மச்சான், ஆயுத பூஜைக்கு வர்றே இல்ல? நம்ம அனுசுயா ஒயரிங் பண்ண ரயிலு இருக்குது. அது எட்டு பாயிண்டையும் நிக்காம தாண்டிச்சுன்னா உன் நாப்பது மோட்டாரையும் அது கைக்குத் தரணும்.”

“நிக்காம தாண்டட்டும் பாவா. அப்பறம் பேசுவோம்,” என்றார் சந்திரமோகன்.

அனுசுயாவிடம் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்குப் போய் சக்திவேலிடம், “நாப்பதும் வரும்,” என்றாள்.

ஆயுத பூஜை நாள் வந்தது. காலையிலேயே அனுசுயா தன் கடையில் சுற்றுகிற மெஷின், ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டாள். பிறகு ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு கஜபதி வீட்டுக்கு வந்தாள். காலிங் பெல் பட்டன்களுக்கு, கண்டென்ஸருக்கு, எஞ்சினின் நெற்றிக்கு என்று வரிசையாகச் சந்தனம், குங்குமம். அத்தனை நாள் அவளோடு மல்லுக்கட்டிய எட்டு பாயிண்டையும் விட மனசு வருமா? ஒவ்வொரு நாக்கிலும் ஒரு பொட்டு.

பூஜை முடிகிற வரை எந்தக் கருவியையும் ஓட்டக் கூடாது என்பது நம் வழக்கம். ஆகவே ஓட்டிப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்குச் சந்திரமோகன் தன் தறிக்கூடத்தில் பூஜையை முடித்துவிட்டு வந்தார். கற்பூரம் காட்டியாயிற்று. பூசணிக்காய் சுற்றியாயிற்று. கஜபதி பழைய ரயில்வே தொப்பியை மாட்டிக்கொண்டு பச்சைக் கொடியைக் காட்டினார். வண்டி கிளம்பியது. முதல் பாயிண்டின் நாக்கில் ஏறியது, நின்றது.

விரலால் தள்ளினார்கள். ஓடியது. இரண்டாவது நாக்கில் நின்றது.

“அவுட்டர்லயே நிக்குதே பாவா. அசல் அரக்கோணம்தான்,” என்றார் சந்திரமோகன்.

அனுசுயா பிளைவுட்டுக்கு அடியில் போய்விட்டாள். டெஸ்ட் லாம்பை வைத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டாள். பதினாறு பட்டனும் சரி. கண்டென்ஸர் சரி. எட்டு மூக்குக்கும் கரண்டு வருகிறது. அரைமணி நேரம் ஆயிற்று. மேலே எல்லோரும் அவளுக்காகக் காரணம் தேட ஆரம்பித்தார்கள்.

“இன்னைக்கு வோல்டேஜே இல்ல. ஃபேன பாரு, எப்படிச் சுத்துது,” என்றார் கஜபதி.

“வெளிநாட்டுச் சாமான். நம்ம ஊரு தூசி தாங்காது,” என்றார் குப்பம்மாள்.

“ஆமாம்மா, சாமான்தான் சரியில்ல. விடு. யார் மேலயும் தப்பில்ல,” என்றார் சந்திரமோகனும். அன்பாகத்தான் சொன்னார். அப்படி அன்பாகச் சொல்லிவிட்டு மோட்டாரைச் சென்னைக்கே அனுப்புவார் என்பது அனுசுயாவுக்குத் தெரியும்.

அவள் வெளியே வந்து முதல் பாயிண்டுக்கு நேராகக் குனிந்தாள். நகத்தால் நாக்கை மெல்ல விலக்கினாள். உள்பக்கத்திலிருந்து கடுகளவு காய்ந்த சந்தனம் உதிர்ந்தது.

மூக்கை வெட்டித் தனியாக்கிய பிறகு நாக்குக்கு என்று ஒயர் கிடையாது. பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி நின்று, அதைத் தொட்டு மின்சாரம் வாங்கிக்கொள்ளும். தொடுகிற அந்த இடத்தில் அவள் வைத்த சந்தனம் வழிந்து காய்ந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதை அவள் மட்டும்தான் பார்த்தாள். புறங்கையால் துடைத்துவிட்டு, “வோல்டேஜ் வந்துடுச்சு” என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

“நைனா, நோட்டக் குடுங்க,” என்றாள். “பிளாக் வேணும்.”

கஜபதி நோட்டைத் திறந்து நேரம் எழுதினார், இடம் எழுதினார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். “வோல்டேஜுன்னு போடட்டா?”

“இப்படிக் குடுங்க.” பேனாவை வாங்கி அவளே எழுதினாள்: ‘அனுசுயா நாக்கில் பொட்டு வைத்தது. நாக்குக்குத் தனி ஒயர் கொடுக்காமல் விட்டது.’ எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“பொட்டு வச்சது ஒரு தப்பாம்மா? சாமி காரியம்,” என்றார் குப்பம்மாள்.

“சாமி காரியம்தாம்மா. பொட்டு வெப்போம்னு தெரிஞ்சும் அதுக்கு ஏத்தா மாதிரி நான் ஒயரிங் பண்ணல.”

உலர்ந்த பஞ்சால் எட்டு நாக்கையும் துடைத்தாள். கஜபதி மறுபடி கொடியைக் காட்டினார். வண்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று தாண்டியது. ஏழாவதைத் தாண்டும்போது கஜபதி மூச்சே விடவில்லை. எட்டாவதையும் தாண்டிப் பிளாட்பாரத்தில் போய் நின்றது.

சந்திரமோகன் வண்டியைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாவா, நிக்காம தாண்டணும்னுதானே பேச்சு?”

கஜபதியின் முகம் சுருங்கியது. “ஆமாம் மச்சான். ரெண்டு வாட்டி நின்னுது. அதுக்கு நான் இன்னா சொல்றது?”

அனுசுயா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானாள். “நின்னது நெசம்தாங்க,” என்றாள்.

“இருமா,” என்றார் சந்திரமோகன். “இருவது வருசமா தறி ஓட்றேன். மோட்டாரு எரிஞ்சா எவனைக் கேட்டாலும் ஒரே பதில்தான். வோல்டேஜு. மெட்ராஸ்காரனும் அதான் சொல்றான், என் ஆளுங்களும் அதான் சொல்றாங்க. தன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆள இன்னைக்குத்தான் பார்க்கறேன்.” நோட்டை மூடிக் கஜபதி கையில் கொடுத்தார். “சக்திவேல நாளான்னைக்கு ஆட்டோ எடுத்துகினு வரச் சொல்லும்மா. நாலு மோட்டாரு எரிஞ்சி கெடக்குது. ஒண்ணு மட்டும் கேக்கறேன், என் மோட்டாருக்குப் பொட்டு வெப்பியா?”

“வெப்பேங்க,” என்றாள் அனுசுயா. “மூடி மேல வெப்பேன்.”

மறுநாளே திரும்ப வந்து, எட்டு நாக்குக்கும் பக்கத்துத் தண்டவாளத்திலிருந்து முடி மாதிரி ஒரு ஒயரைப் பற்ற வைத்தாள். இனி நாக்கு எதையும் தொட்டு வாங்கத் தேவையில்லை. அந்த வேலைக்கும் கஜபதி பிளாக் எழுதினார். அடுத்த ஆயுத பூஜைக்கு எட்டு நாக்கிலும் முன்னைவிடப் பெரிய பொட்டு. வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அரக்கோணத்துக்கே இல்லாத பெருமை என்று கஜபதி தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

சந்திரமோகன் தன் தறிக்கூடத்திலும் ஒரு நோட்டு மாட்டினார். அதே ஐந்து கட்டம். எரிந்த மோட்டார் ஒவ்வொன்றோடும் அதில் எழுதிய தாளைக் கிழித்து அனுப்ப வேண்டும் என்பது அனுசுயா போட்ட ஒரே நிபந்தனை. முதல் இரண்டு மாதம் ‘வோல்டேஜ், வோல்டேஜ்’ என்றே வந்தது. அனுசுயா ஒவ்வொரு தாளையும் திருப்பி அனுப்பினாள். போன மாதம் வந்த மோட்டாரோடு ஒரு தாள் வந்தது. கையெழுத்து முதலாளியுடையது. ‘காரணம்: நான்தான். மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போனது தெரிந்தும் தறியை நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். சந்திரமோகன்.’

அனுசுயா அதைப் படித்துவிட்டு மடித்துக் கல்லாவுக்கு மேல் சாமி படத்தில் செருகி வைத்தாள். பிறகு மோட்டாரின் மூடியைக் கழற்றினாள். அது எரிந்த அன்று காலையில் அவள் தும்மினாளா என்று கேட்பவர்களுக்கு: மூன்று முறை. நான் பக்கத்துக் கடையில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன், எண்ணினேன்.